ஸ்பூக்ஸ்: ஒரு சொல்லும் வகுப்புக்கு வராத இருவரும்

யாரோ சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இனவெறிப் பட்டம் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு எழும்போது, நாவல் வாசிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது பிலிப் ராத்தின் 'தி ஹ்யூமன் ஸ்டெய்ன்'. 2000இல் வந்த நாவல். 'அமெரிக்கன் பாஸ்டரல்' (1997), 'ஐ மேரீட் எ கம்யூனிஸ்ட்' (1998) ஆகியவற்றுக்குப் பிறகு அந்த வரிசையில் மூன்றாவது. இந்த விஷயத்துக்கு இது சரியான உதாரணம்தானா என்று கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. நாவலின் ரகசியத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் வாசிக்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

கதைச்சுருக்கம் இது. கோல்மன் சில்க், அதீனா என்கிற சிறிய கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியப் பேராசிரியர். பதினாறு வருடம் அங்கே டீனாக இருந்தவர். அந்தப் பதவியை விட்டு மறுபடி பாடம் நடத்த வருகிறார். வகுப்பில் பதினான்கு பேர். ஐந்து வாரம் ஆகியும் இரண்டு பேர் மட்டும் வரவே இல்லை. ஆறாவது வாரம் வருகைப்பதிவு எடுக்கும்போது, இவங்களை யாராவது பார்த்திருக்கீங்களா, நிஜமாகவே இருக்காங்களா, இல்லை ஸ்பூக்ஸா என்கிற மாதிரி கேட்கிறார். ஸ்பூக் என்றால் பேய், ஆவி. கண்ணுக்கே தட்டுப்படாதவர்களைப் பார்த்துக் கேட்ட கேலி, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பேரும் கறுப்பின மாணவர்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசையாகவும் அந்தச் சொல்லுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. புகார் வருகிறது, விசாரணை இழுத்தடிக்கிறது, சில்க் கோபத்தில் பதவியை விட்டு விலகுகிறார். இதற்கு நடுவில் அவர் மனைவி ஐரிஸ் பக்கவாதத்தில் இறந்துபோகிறார். அவளை இவர்கள்தான் கொன்றார்கள் என்று சில்க் நம்புகிறார்.

இதன் அடியில் ராத் வைத்திருக்கும் வெடி: சில்க் தானே ஒரு கறுப்பர். வெளிர்நிறத் தோலோடு பிறந்தவர். இளமையிலேயே வீட்டாரை அறுத்துக்கொண்டு, வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு வாழ்நாள் முழுக்க வாழ்ந்துவிட்டார். பெண்டாட்டி பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

சில்க் சொல்லும் நியாயம் தர்க்கரீதியாக அசைக்க முடியாதது. பார்த்தே இராத ஆட்களின் நிறம் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத நிறத்தை நான் எப்படி இழிவுபடுத்த முடியும்? இதற்குப் பதில் கிடையாது. புகாரை முன்னெடுக்கும் டெல்ஃபீன் ரூ என்கிற இளம் பிரெஞ்சுப் பேராசிரியையை ராத் ஒரு கேலிச்சித்திரமாகவே வரைந்திருக்கிறார். வாசகர் சில்க் பக்கம் சாயாமல் இருக்க வழியே இல்லை. எனக்கு உறுத்துவது இந்த 'வழியே இல்லை' என்பதுதான்.

இந்த மாதிரி சம்பவங்களை எல்லாரும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் குறைந்தது மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, வெறும் ஒலி ஒற்றுமை. 1999 ஜனவரியில் வாஷிங்டன் மேயர் அலுவலகத்தில் டேவிட் ஹோவர்ட் என்ற வெள்ளை அதிகாரி, நிதி பற்றிய பேச்சில் 'நிகர்ட்லி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கஞ்சத்தனமான என்று பொருள். ஸ்காண்டிநேவிய வேர் கொண்டது என்கிறார்கள். கறுப்பினத்தவரைத் திட்டும் வசைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அந்த வசை பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல். ஆனால் காதில் விழும்போது முதல் பாதி அதே மாதிரி ஒலிக்கிறது. வதந்தி பரவி ஹோவர்ட் ராஜினாமா செய்தார். மேயர் ஆண்டனி வில்லியம்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். கறுப்பினத்தவர் உரிமைக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் அன்றைய தலைவர் ஜூலியன் பாண்ட், சொல்லின் பொருள் தெரியாதவர்களுக்காக ஒருவர் தன் பேச்சைச் சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை என்கிற நிலையை எடுத்தார். பிறகு மேயர் ஹோவர்டைத் திரும்ப அழைத்தார். அவரும் வேறு பொறுப்பில் போய்ச் சேர்ந்தார்.

2020இல் கலிஃபோர்னியாவில் நடந்ததும் இந்த வகைதான். யு.எஸ்.சி. வணிகப் பள்ளியில் கிரெக் பேட்டன் என்ற ஆசிரியர், பேச்சில் இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு மொழியிலும் ஒரு சொல் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாம 'வந்து...', 'அது வந்து...' என்று இழுப்போமே, அது மாதிரி. சீனத்தில் அதற்கு 'நெய்கா' என்பார்கள். 'அது' என்று பொருள். கேட்ட மாணவர்கள் சிலருக்கு அது ஆங்கில வசையாக ஒலித்தது. அந்தப் பாடத்திலிருந்து அவர் விலக்கி வைக்கப்பட்டார். விசாரணையில் விதிமீறல் எதுவும் இல்லை என்று முடிவானது. கோடிக்கணக்கான மக்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல்லை வசை என்று எப்படிச் சொல்வது? இந்த வகையில் கேட்டவரின் அதிர்ச்சி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அகராதியைத் திறந்தால் அதிர்ச்சி தீர்ந்துவிடும். தீர வேண்டும்.

இரண்டாவது வகை, ஊர் மாறும்போது சுமை மாறும் சொல். உருகுவே கால்பந்து வீரர் எடின்சன் கவானி 2020 நவம்பரில், மான்செஸ்டர் யுனைட்டடுக்காக சவுத்தாம்ப்டனை வென்ற பிறகு, வாழ்த்திய ஒருவருக்கு 'நெக்ரீட்டோ' என்ற விளிப்போடு இன்ஸ்டாகிராமில் நன்றி சொன்னார். நேர்ப்பொருள் 'கறுப்பா' என்பது. தென் அமெரிக்காவில் பல இடங்களில் அது செல்லப்பெயர். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இழிவுபடுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்டது. உருகுவேயின் மொழி அகாதமி இந்தத் தண்டனையைக் கடுமையாகக் கண்டித்தது. எங்கள் மொழி தெரியாமல் எங்கள் மொழிக்குத் தீர்ப்பா என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் இதற்கு ஒன்பது வருடம் முன்னால், 2011 அக்டோபரில், அதே உருகுவேக்காரரான லூயிஸ் சுவாரஸ், லிவர்பூலுக்காக ஆடும்போது எதிரணி வீரர் பட்ரீஸ் எவ்ராவைப் பார்த்து 'நெக்ரோ' என்றார். எங்க ஊரில் இது சகஜம் என்று அவரும் சொன்னார். விசாரணைக் குழு மொழி வல்லுநர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. நண்பர்களுக்குள் அது சகஜமாக இருக்கலாம், மைதானத்தில் முகத்துக்கு நேராக நின்று சண்டை போடும்போது அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பது அங்கே வந்து சேர்ந்த முடிவு. எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம்.

ஊர் ஒன்று, மொழி ஒன்று, சொல்லும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவர் நண்பரிடம் சொன்னார், இன்னொருவர் எதிராளியிடம் சொன்னார். முதலாவதைத் தண்டித்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். இரண்டாவதில் 'எங்க ஊர் வழக்கம்' என்பது சாக்கு. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இந்த வகைக்குத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது: கூலி. நமக்கு அது உழைப்புக்குக் கிடைக்கும் காசு. அந்தப் பெயரில் 1995இல் ஒரு படம், 2025இல் ரஜினி படம். ஆனால் 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற முதல் கப்பலுக்குப் பின்னால் அதே சொல் ஆங்கிலத்தில் 'கூலி'யாகப் போய் நின்றது. அதன் மூலம் தமிழா, குஜராத்தின் 'கோலி' என்ற சமூகப் பெயரா என்று அகராதிக்காரர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மூலம் எதுவாகவும் இருக்கட்டும், தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர்களைத் திட்டும் வசை. வக்கீலாகப் போன காந்தியையே அப்படித்தான் அழைத்தார்கள். டர்பனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் காதில் அந்தச் சொல் விழும்போது, 'அட, எங்க ஊர்ல சம்பளத்துக்கு இதுதாங்க பேரு' என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனாலும் அவர்களின் காதுக்குள் இருப்பது சம்பளக் கணக்கு இல்லையே.

இப்போது மூன்றாவது வகை. ஒரே ஊரில், ஒரே மொழியில், ஒரே சொல்லுக்கு நிஜமாகவே இரண்டு பொருள். 'ஸ்பூக்' இந்த வகை. டச்சு மொழியிலிருந்து 'பேய்' என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். இருபதாம் நூற்றாண்டில் கறுப்பினத்தவருக்கான வசையாகவும் ஆனது. உளவாளி என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. சாம் கிரீன்லீ என்ற கறுப்பின எழுத்தாளர் 1969இல் 'தி ஸ்பூக் ஹூ சேட் பை தி டோர்' என்று ஒரு நாவல் எழுதினார். சி.ஐ.ஏ.வில் சேரும் முதல் கறுப்பரின் கதை. தலைப்பிலேயே உளவாளி, கறுப்பர் என்று இரண்டு பொருளும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த வசைப்பொருள் கறுப்பின வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழக்கமானது என்பதற்கு இது போதும்.

ஆக, சில்க்கின் வழக்கு ஹோவர்டின் வழக்கு இல்லை. ஹோவர்ட் விஷயத்தில் கேட்டவர்கள் கற்பனையான ஒரு பொருளைக் கேட்டார்கள். சில்க் விஷயத்தில் கேட்டவர்கள் அகராதியில் இருக்கும் பொருளைக் கேட்டார்கள். சொன்னவர் அந்தப் பொருளை நினைக்கவில்லை என்பது உண்மை. கேட்டவர்கள் இல்லாததைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. நாவலை உதாரணமாகத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இதை முதல் வகையாக்கி, 'பாருங்க, ஆங்கிலம்கூடத் தெரியாத பசங்க' என்று முடித்துவிடுகிறார்கள். ராத்தும் அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார் என்பதுதான் என் குறை.

எப்படி என்றால், அந்த இரண்டு மாணவர்களும் வகுப்புக்கு மட்டும் வராதவர்கள் இல்லை, நாவலுக்குள்ளும் வராதவர்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், யார் வந்து சொல்லிக் கேட்டார்கள், கேட்டதும் என்ன ஆனது என்று ஒரு அத்தியாயம்கூட இல்லை. சில்க்கின் தங்கை எர்னஸ்டீன் நாவலின் கடைசியில் நீளமாகப் பேசுகிறார். ஆனால் அவர் அந்த வகுப்பின் மாணவி இல்லை. சில்க் டீனாக இருந்தபோது வேலைக்கு எடுத்த கறுப்பினப் பேராசிரியர் ஹெர்ப் கீபிள், நெருக்கடியில் துணை நிற்காமல் போனதற்காகச் சவ அடக்கத்தின்போது வருந்திப் பேசுகிறார். புண்பட்ட பக்கத்திலிருந்து யாராவது முழு மனிதராக எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்தால், இல்லை. சில்க் கேலியாகக் கேட்ட கேள்விக்கு நாவல் நிஜமாகவே 'ஆமாம், அவர்கள் பேய்கள்தான்' என்று பதில் சொல்லிவிடுகிறது.

இந்தக் கதைக்கு ஒரு நிஜ மூலம் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் மெல்வின் டியூமின், ராத்தின் நண்பர், இன உறவுகள் பற்றியே எழுதியவர். 1985இல் வகுப்புக்கு வராத இரண்டு மாணவர்களைப் பற்றி இதே சொல்லைச் சொல்லி மாட்டிக்கொண்டார். மாதக்கணக்கில் விசாரணை நடந்தது, கடைசியில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். இதை 2012இல் 'நியூ யார்க்கர்' இதழில் விக்கிபீடியாவுக்கு ஒரு திறந்த மடலாக ராத்தே எழுதினார். சில்க் பாத்திரத்துக்கு மூலம் அனடோல் புரோயார்ட் என்ற விமர்சகர் என்று விக்கிபீடியாவில் இருந்ததைத் திருத்தச் சொல்லி அவர் கேட்டிருந்தார். வேறு சான்று வேண்டும், எழுதியவர் சொன்னால் மட்டும் போதாது என்று பதில் வந்ததாம். தன் நாவலின் நோக்கத்துக்குத் தன் வாய்ச்சொல்லே சான்றாகாது என்று கேட்க நேர்ந்த எழுத்தாளர், 'நான் நினைத்த பொருள்தான் பொருள்' என்று கத்தும் ஒருவரை உருவாக்கியவர் என்பது விநோதம்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிஜத்தில் விசாரணை ஒரு முடிவுக்கு வந்து, டியூமின் பெயர் துடைக்கப்பட்டது. நாவலில் அந்த முடிவை ராத் எடுத்துவிட்டார். சில்க் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார். கதைக்கு அது தேவை, தப்பு சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு 'விசாரணை என்றாலே வேட்டை' என்று பேசுபவர்கள், நிஜக்கதை எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும், நாவல் தன் ஆதரவாளர்களைவிடப் புத்திசாலியானது. அதற்கு இரண்டு இடங்களைக் காட்டலாம்.

ஒன்று, இளைஞன் கோல்மன் கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேரும் கட்டம். வாஷிங்டனில் ஒரு வுல்வொர்த் கடையில் தின்பதற்கு ஏதோ வாங்கப் போகிறான். கொடுக்க மறுத்து, அந்த வசையைச் சொல்லி அனுப்புகிறார்கள். அவன் மேல் அது நேரடியாக விழுவது அதுதான் முதல் தடவை. அந்த அடியும் அப்பாவின் மரணமும் சேர்ந்துதான் அவனை அந்தக் கல்லூரியிலிருந்தும், கடைசியில் இனத்திலிருந்துமே வெளியே தள்ளுகின்றன. அதாவது, ஒரே ஒரு சொல் ஒரு ஆளின் வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்பது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட கோல்மன் சில்க்குக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, பல வருடம் கழித்து, பிரைமஸ் என்ற இளம் வக்கீல் அவருக்குப் புத்தி சொல்லும் இடம். கடுப்பான சில்க் அந்த ஆளைத் திட்டும்போது, அவன் முகத்தின் வெள்ளை நிறத்தைச் சேர்த்துத் திட்டிவிடுகிறார். வக்கீலுக்குப் புரியவில்லை. தானும் வெள்ளையராக இருக்கிற இந்த மனுஷன் எதற்கு நிறத்தை இழுத்தார் என்று குழம்புகிறான். வகுப்பில் சொன்னது இனம் பற்றிய பேச்சே இல்லை. ஊரே அதை அப்படிக் கேட்டது. இங்கே வந்தது நிஜமான இனக்கோபம். கேட்டவனுக்கு அது வெறும் விசித்திரமாக மட்டும் பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்பவர் தன் காதில் ஏற்கெனவே இருப்பதை வைத்துத்தான் கேட்கிறார். வெள்ளைத்தோல் வக்கீலுக்கு அப்படி ஒரு காது தேவைப்பட்டதே இல்லை. அந்த இரண்டு மாணவர்களுக்கு அது பிறந்த நாள் முதல் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கிருந்து பார்த்தால் சில்க்கின் சோகம் வேறு மாதிரி தெரிகிறது. 'அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கு, அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும், நான் அதை நினைக்கலை' என்று அவர் சொல்லியிருக்கலாம். மூன்றுமே உண்மை. இதில் மன்னிப்பு கேட்பது எதுவும் இல்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கேள் என்று ஒருவரை வற்புறுத்துவது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் இருக்கும் அந்த 'எனக்குத் தெரியும்' அவரால் சொல்லவே முடியாதது. சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். ஐம்பது வருட வேஷம் கலைந்துவிடும். ஆகவே அவர் அகராதியைப் பிடித்துக்கொள்கிறார், பையன்கள் வகுப்புக்கு வராததைப் பிடித்துக்கொள்கிறார், முதல் பொருள்தான் பொருள் என்று முழங்குகிறார். அவர் மறைத்தது நிறத்தை மட்டும் என்று வாசிக்கிறோம். நிறத்தோடு சேர்த்துத் தன் காதையும் மறைக்க வேண்டியிருந்தது.

கல்லூரி பக்கம் நியாயம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டீனாக இருந்தபோது சில்க் பழைய ஆட்களைக் களையெடுத்து நிறைய விரோதம் சம்பாதித்திருந்தார். ஒரு சொல் கிடைத்ததும் பாதிப் பேர் அமைதியாக வேடிக்கை பார்த்ததற்கு அதுதான் காரணம். இனவெறி எதிர்ப்பு பேருக்குத்தான். வாஷிங்டனிலும் மேயர் வில்லியம்ஸ் புதிதாகப் பதவிக்கு வந்தவர், கறுப்பினத்தவர் மத்தியிலேயே 'இவர் நம்ம ஆள்தானா' என்ற சந்தேகத்தைச் சுமந்துகொண்டிருந்தவர். அந்தச் சூழலில்தான் ஒரு ராஜினாமா அவ்வளவு வேகமாக ஏற்கப்பட்டது. புண்பட்டவரின் வலியை எடுத்து வேறு கணக்குத் தீர்ப்பவர்கள் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார்கள். அவர்களைக் காட்டி, வலியே பொய் என்பது சுலபமான வழி. ராத் ஓரளவு அந்தச் சுலபத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்.

'சும்மாதானே சொன்னேன்' என்று ஒருவர் சொல்லும்போது நான் கேட்டுப் பார்க்கும் கேள்விகள் மூன்று. அந்தப் பொருள் நிஜமாக அந்தச் சொல்லில் இருக்கிறதா, காதின் மயக்கமா? யார் யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது? இன்னொரு பொருள் இருக்கிறது என்று தெரிந்த மறுநாள் சொன்னவர் என்ன செய்தார்? பேட்டன் முதல் கேள்வியிலேயே வெளியே வந்துவிடுவார். கவானி இரண்டாவதில் வெளியே வந்துவிடுவார். சுவாரஸ் அங்கேயே மாட்டுவார். சில்க் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் வந்து நிற்கிறார், நின்று தோற்கிறார். அவர் குற்றவாளி என்று அதற்குப் பொருளில்லை. குற்றமில்லாதவர் என்பது மட்டுமே போதும் என்று அவர் நினைத்தார். அந்த இரண்டு பேர் மறுநாளும் அதே கல்லூரியில்தான் இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு அவருக்கும் வரவில்லை, அவரை எழுதியவருக்கும் வரவில்லை.